ஆறு கோட்டில் ஒரு நூல்

பல்லடம் பக்கம் நான் ஃபிட்டராக இருக்கும் தறிக்கூடத்துக்கு மூன்று வருடம் முன்பு ஜப்பானிலிருந்து ஆறு பழைய ஏர்ஜெட் தறிகள் வந்து இறங்கின. ஐந்து தறிகளில் யாரோ ஏற்கனவே இங்கிலீஷ் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். ஒரு தறி மட்டும் அப்படியே வந்தது. அதன் பேனலில் இரண்டு சின்ன விளக்கு, ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு ஸ்டிக்கர், ஒவ்வொரு ஸ்டிக்கரிலும் இரண்டே எழுத்து.

வேலைக்கு அதைப் படிக்கத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. இடது விளக்கு எரிந்தால் பாவில், அதாவது நெடுக்கு நூலில், ஒரு இழை அறுந்திருக்கும், வலது எரிந்தால் ஊடை, அதாவது குறுக்கு நூல். இரண்டு நாளில் எல்லோருக்கும் பழகிவிட்டது.

ஒரு நைட் ஷிப்டில், இரண்டு மணி வாக்கில், அந்தத் தறிக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். தறி நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. கண் தானாக அந்த ஸ்டிக்கர்மேல் போனது. இரண்டிலும் இரண்டாம் எழுத்து ஒன்றுதான் என்று அன்றைக்குத்தான் கவனித்தேன். முதல் எழுத்துகள் வேறு வேறு. ஆனால் அவற்றிலும் இடப்பக்கப் பாதி ஒரே மாதிரி இருந்தது. கிட்டே போய்ப் பார்த்தால், அந்தப் பாதியும் அதே இரண்டாம் எழுத்துதான், இடம் போதாமல் ஒடுங்கி நிற்கிறது. நான்கு எழுத்துக்குள் ஒரே உருவம் நான்கு முறை! ஒரு விளக்கு பாவு நூல், ஒரு விளக்கு ஊடை நூல். இரண்டுக்கும் பொதுவாக இருப்பது எது?

நூல். அதைத் தவிர வேறு எதுவாகவும் இருக்க முடியாது.

யாரும் சொல்லித் தராமல் நான் படித்த முதல் ஜப்பானிய எழுத்து அது. உடம்பெல்லாம் சிலிர்த்துப்போனது. காலையில் ஷிப்ட் முடிந்து போனில் தேடிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. அதன் உச்சரிப்பு 'இத்தோ'. ஆறு கோடு. மேலே ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு மடிப்பு, முறுக்கிய சிட்டாவை, அதாவது நூல் கற்றையைப் போல. கீழே நடுவில் ஒரு நேர்கோடு, இரண்டு பக்கமும் ஒவ்வொரு சிறு கோடு, சிட்டாவின் நுனி பிரிந்து தொங்குவதைப் போல. ஜப்பானில் ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் படிக்கும் 80 எழுத்துகளில் அதுவும் ஒன்று.

நான் சென்னிமலைக்காரன். அப்பா குழித்தறியில் பெட்ஷீட் நெய்தவர். அம்மா ராட்டையில் தார் சுற்றுவார்கள், அதாவது ஊடை நூலைச் சிறு குச்சியில் ஏற்றுவார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் எனக்கும் தார் சுற்றுகிற வேலை இருக்கும். அதனால்தானோ என்னவோ, முன்பின் தெரியாத ஒரு மொழியில் முதலில் கண்ணில் பட்டது நூல் என்றதும் அதை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை.

சரி, படிக்கலாம் என்று முடிவு செய்தேன். ஆனால் நேரே அந்த எழுத்துகளுக்குப் போக முடியாது. ஜப்பானிய மொழியை மூன்று வகை எழுத்து கலந்து எழுதுகிறார்கள். ஹிரகானா, கத்தகானா என்று ஒலியெழுத்து இரண்டு வகை, அடிப்படை எழுத்து ஒவ்வொன்றிலும் 46. சீனாவிலிருந்து வந்த பொருளெழுத்து காஞ்சி. நம் காஞ்சிபுரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை, சொல் மட்டும் காதுக்கு அப்படி விழுகிறது. அன்றாடப் பயன்பாட்டுக்கென்று அரசு வகுத்திருக்கும் பட்டியலில் 2136 காஞ்சி இருக்கின்றன. நான் பார்த்த நூல் எழுத்து இந்த வகை.

ஹிரகானாவில் தொடங்கினேன். முதல் ஐந்து எழுத்து அ, இ, உ, எ, ஒ. நம் குறில் ஐந்தும் அதே வரிசையில்! பிறகு க வரிசை, ச வரிசை, த வரிசை, ந, ஹ, ம, ய, ர, வ. தமிழ் படித்தவனுக்கு இது பாதி தெரிந்த வரிசை. பௌத்தத் துறவிகள் வழியாகப் போன வடமொழி எழுத்து வரிசையைப் பார்த்து அமைத்தது அது. தொண்டையில் தொடங்கி உதட்டில் முடிகிற வரிசை. இடையில் ஹ எப்படி வந்தது என்று எனக்குக் குழப்பமாக இருந்தது. பழங்காலத்தில் அந்த ஹ வரிசை ப-வாக ஒலித்ததாம். ப என்று வைத்துப் பார்த்தால் ம-வுக்கு முன்னால் அது சரியான இடத்தில் உட்கார்ந்துவிடுகிறது.

குறில் நெடில் அவர்களுக்கும் உயிர். 'ஒபசன்' என்றால் அத்தை, சித்தி வயதுப் பெண். 'ஒபாசன்' என்றால் பாட்டி. இங்கிலீஷ் வழியாகப் படிக்கிறவர்கள் இதில் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். பல்லுக்கும் பாலுக்கும் வித்தியாசம் தெரிந்து வளர்ந்த நமக்கு இது ஒரு பாரமே இல்லை.

ஆனால் ஒரு இடத்தில் தமிழே எனக்குத் தடையாக நின்றது. இதைப் படிக்க நினைக்கிற யாரும் கவனிக்க வேண்டிய இடம். முதல் இரண்டு மாதம் நோட்டில் எல்லாச் சொல்லையும் தமிழில் எழுதி மனப்பாடம் செய்தேன். 'சத்தம்' என்பதற்கு ஜப்பானியச் சொல்லை 'ஒத்தோ' என்று எழுதினேன். பத்துப் பக்கம் தள்ளி 'கணவன்' என்ற சொல் வந்தது. அதையும் 'ஒத்தோ' என்றுதான் எழுதினேன். உண்மையில் சத்தத்துக்கான ஜப்பானியச் சொல்லில் த ஒற்றையாக, மெலியாமல் நிற்கும். கணவனுக்கான சொல்லில் த இரட்டித்து அழுந்தும். நம் எழுத்தில் நடுவில் ஒற்றைத் த வந்தால் 'இதோ', 'அதோ' என்பதுபோல மெலிந்துவிடும், மெலியாமல் இருக்க வேண்டுமானால் இரட்டிக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு த நம்மிடம் இல்லை. இந்தப் பதிவில்கூட நான் 'இத்தோ' என்று எழுதுவது சரியான ஒலி இல்லை, அருகில் வருவது. அதே மாதிரி 'கித்தே' என்று எழுதினால் அது 'வந்து' என்ற பொருளா, தபால் தலையா என்று சொல்ல முடியாது.

அன்றைக்கே தமிழில் எழுதிய நோட்டை மூடி வைத்துவிட்டேன். ஹிரகானாவில் இந்த இரட்டிப்புக்குத் தனியாக ஒரு குட்டி எழுத்து உண்டு, ஏறக்குறைய நம் மெய்யெழுத்துப் புள்ளி செய்கிற வேலை. அதைக் கண்ணால் பார்த்துப் படித்தால் காதும் தானாகத் திருந்துகிறது. 46 எழுத்தைப் படிக்க இரண்டு வாரம் போதும், தினம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால். அதைச் செய்யாமல் தமிழிலோ இங்கிலீஷிலோ எழுதி ஓட்டுகிறவர்கள் பின்னால் இரண்டு மடங்கு நேரம் செலவழிப்பார்கள். நான் இரண்டு மாதம் இழந்தேன்.

எழுதிப் பழகச் சதுரக் கட்டம் போட்ட தாள் வேண்டும். ஒவ்வொரு எழுத்தும் ஒரு கட்டத்துக்குள் அடங்க வேண்டும், கோடு போடுகிற வரிசையும் மாறக் கூடாது. வீட்டுப் பரணில் அப்பா பார்டர் டிசைன் போட வைத்திருந்த கிராப் தாள் ஒரு கட்டு இருந்தது. அப்பா போய் ஒன்பது வருடம் ஆகிறது. தாள் ஓரம் பழுத்திருந்தாலும் கட்டம் அழியவில்லை. அதை எடுத்து எழுத ஆரம்பித்தேன்.

அம்மா பார்த்துவிட்டு, "என்ன கண்ணு, சின்னப் புள்ளையாட்டம் கட்டங்கட்டமா எழுதீட்டு இருக்கற?" என்று கேட்டார்கள்.

"ஜப்பான்காரங்க எழுத்துமா. இது நூலு."

தாளை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார்கள். "ஆமா, சிட்டத்த முறுக்கிப் போட்டாப்பலதான் இருக்குது" என்றார்கள். அம்மா படித்தது மூன்றாம் வகுப்பு வரை.

கத்தகானா வெளிநாட்டுச் சொற்களை எழுதுவதற்கான எழுத்து. திருப்பூர், பல்லடம் பக்கம் வேலை பார்க்கிறவர்களுக்கு இங்கே சொந்த வீட்டுக்குள் நுழைகிற உணர்வு வரும். தையல் மெஷினுக்கு அவர்கள் சொல் 'மிஷின்'. மெஷின் என்ற பொதுச்சொல் அங்கே போய்த் தையல் மெஷினை மட்டும் குறிக்கிறது. 'பொதான்' என்றால் பொத்தான், அவர்களுக்கும் நமக்கும் போர்ச்சுகீசியர் கொடுத்துவிட்டுப் போன சொல். பனியன் துணி மாதிரிப் பின்னலாடைத் துணிக்குப் பழைய சொல் 'மெரியாசு'. காலுறைக்கான போர்ச்சுகீசிய, ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்தது. கப்பலில் போன சொற்கள் ஒரு கரையில் சட்டையிலும் இன்னொரு கரையில் தையல் மெஷினிலும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. கத்தகானாவில் 'ஷி', 'த்சு' இரண்டும் அச்சு அசலாக ஒரே மாதிரி தெரியும். சிறு கோடுகள் இரண்டும் இடப்பக்கம் வரிசை பிடித்து நின்றால் ஷி, மேற்பக்கம் வரிசை பிடித்தால் த்சு. இதைப் பிரித்துக் காட்டியது என் மகள்தான். எட்டாவது படிக்கிறாள், என்னைவிட அவளுக்குக் கண் கூர்மை.

கிழமைகளும் சீக்கிரம் மனத்தில் நின்றன. திங்கட்கிழமைக்கு நிலா எழுத்து. அதே எழுத்துதான் மாதத்துக்கும். 'திங்கள்' என்று சொன்னால் நமக்கும் நிலா, மாதம், கிழமை மூன்றும்தானே. ஞாயிற்றுக்குச் சூரியன். வெள்ளிக்கிழமைக்கு மட்டும் அங்கே தங்கம்.

ஆனால் என்னைக் கட்டிப்போட்டது காஞ்சிதான். 2136 என்ற எண்ணைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் படித்தால் நானும் பாதியில் விட்டிருப்பேன். அன்றைக்கு இரவு ஸ்டிக்கரில் பார்த்த அந்த ஒடுங்கிய பாதி எனக்கு வழி காட்டியது. பெரும்பாலான காஞ்சிகள் துண்டுகளைச் சேர்த்துக் கட்டியவை. நூல் துண்டு இடப்பக்கம் நிற்கிற எழுத்துகளை மட்டும் தேடித் தேடிச் சேர்க்க ஆரம்பித்தேன்.

முதலில் பருத்தி. இடப்பக்கம் நூல், வலப்பக்கம் மேலே வெள்ளை, கீழே துணி. நூல், வெள்ளை, துணி: மூன்றும் சேர்ந்தால் பருத்தி. 14 கோடு. கொங்கு நாட்டுக்காரனுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையா?

'முடிச்சுப் போடு' என்பதற்கு நூலும், மங்கலம் என்ற பொருள் தரும் துண்டும். கல்யாணம் என்ற சொல் இந்த எழுத்தில்தான் தொடங்குகிறது. மஞ்சள் நூலில் மூன்று முடிச்சு போடுகிற நமக்கு அதை யாராவது சொல்லித் தர வேண்டுமா? 'முடிவு' என்பதற்கு நூலோடு குளிர்காலம். 'தொடர்' என்பதற்கும் நூல்தான். தறிக்காரர்களுக்கு இது புரியும். ஒரு பாவு தீர்ந்தால் தறி நின்றுவிடாது. பழைய பாவின் நுனியோடு புதுப் பாவை இழை இழையாகப் பிணைத்து மறுபடி ஓட்டுவோம். தீர்வதும் தொடர்வதும் ஒரே நூலில்தான். சம்பளம் என்ற சொல்லின் முதல் எழுத்திலும் நூல் இருக்கிறது. எங்கள் வீட்டில் எப்போதும் அப்படித்தான் இருந்தது.

'பயிற்சி' என்பதற்கு ஜப்பானியச் சொல் 'ரென்ஷூ'. இரண்டு எழுத்து. இரண்டாவதின் மேற்பாதி சிறகு, குஞ்சு பறக்கப் பழகுவதைச் சொல்வது. முதல் எழுத்தில் மறுபடி நூல். கச்சாப் பட்டு நூலை வேகவைத்துப் பசை நீக்கி மென்மையாக்குவதுதான் அந்த எழுத்தின் பழைய பொருள். இதைப் படித்தபோது அம்மா பாவுக்குக் கஞ்சி போடுகிற காலை நேரம் நினைவுக்கு வந்தது. விடிவதற்குள் தெருவில் பாவை நீட்டிக் கட்டி, கஞ்சி தடவி, இழை ஒட்டாமல் பிரஷ் போட்டு இழுக்க வேண்டும். வெயில் ஏறிவிட்டால் கெட்டது. நூலைப் பதப்படுத்துகிற அந்த வேலைக்கும் மனிதன் பழகுவதற்கும் ஒரே எழுத்தை வைத்திருக்கிறார்கள்.

இனி ஸ்டிக்கருக்கு வருகிறேன். பாவு அங்கே 'தத்தே-இத்தோ', நெடுக்கு நூல். ஊடை 'யோக்கோ-இத்தோ', குறுக்கு நூல். இந்த இரண்டு எழுத்தும் தறியோடு நின்றுவிடவில்லை. பூமியின் தீர்க்கரேகைக்குப் பாவு எழுத்து, அட்சரேகைக்கு ஊடை எழுத்து. உலக உருண்டையையே தறியில் ஏற்றியிருக்கிறார்கள்! பள்ளியில் எனக்கு அட்சம் எது தீர்க்கம் எது என்று எப்போதும் மாறிப்போகும். இனி மாறாது. எங்கள் பல்லடம் 11-ஆம் ஊடையை ஒட்டி, 77-ஆம் பாவுக்குச் சற்றுக் கிழக்கே இருக்கிறது.

இரண்டையும் சேர்த்து எழுதினால், அதாவது பாவும் ஊடையும் என்று எழுதினால், 'நடந்தது என்ன என்ற முழு விவரம்' என்று பொருள். ஒரு சங்கதி எப்படித் தொடங்கி எங்கெங்கே குறுக்கே ஓடி இப்படி ஆனது என்பதற்குப் பாவும் ஊடையும்.

இன்னொன்று. பௌத்த மத நூல்களுக்கும் ஜப்பானில் அந்தப் பாவு எழுத்துதான். வடமொழியில் சூத்திரம் என்றால் நூல், இழை. அதைச் சீனத்தில் மொழிபெயர்த்தவர்கள் பாவு நூலைக் குறிக்கும் எழுத்தைப் போட்டார்கள். அது ஜப்பானுக்கும் போனது. இதைப் படித்ததும் தாளை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நம் மொழியில் புத்தகத்துக்கு என்ன பெயர்? நூல். தினமும் சொல்கிற சொல், ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. நன்னூலில் ஒரு வெண்பா இருக்கிறது. சொல்தான் பஞ்சு, செய்யுள்தான் இழை, புலவன்தான் நூற்கிற பெண், வாய்தான் கை, அறிவுதான் நூற்கிற கதிர் என்று நூல் உருவாகிற விதத்தை அது சொல்கிறது. நன்னூலை எழுதிய பவணந்தி முனிவருக்குச் சொந்த ஊர் பெருந்துறைப் பக்கத்துச் சீனாபுரம் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். சென்னிமலையிலிருந்து டூவீலரில் போகிற தூரம்தான். பத்தாவதில் தமிழாசிரியர் அந்த வெண்பாவை நடத்தியபோது என் விரலில் தார் சுற்றிய வடு இருந்தது. அப்போது எனக்கு உறைக்கவில்லை. ஜப்பான் போய்ச் சுற்றிக்கொண்டு வந்துதான் உறைத்தது.

இலக்கணத்தைப் பற்றிக் கொஞ்சம். வினைச்சொல் கடைசியில் வரும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும், நம் வாக்கியத்தை அப்படியே சொல்லுக்குச் சொல் மாற்றினாலே பெரும்பாலும் சரியாக இருக்கும். எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. 'இத்தோ ஒ கித்தா' என்றால் நூலை அறுத்தேன். இதில் த உண்மையில் இரட்டிக்கிறது. 'இத்தோ க கிரெத்தா' என்றால் நூல் அறுந்தது. அறுத்தது, அறுந்தது என்று நாம் ஒரு எழுத்தை மாற்றி, செய்தவன் இருக்கிறானா இல்லையா என்று காட்டுகிறோமே, அதையேதான் அவர்களும் செய்கிறார்கள். தறிக்கூடத்தில் இந்த வித்தியாசம் சாதாரணமானதல்ல. தறி நின்றால் சூப்பர்வைசர் கேட்பது அதைத்தான்.

நூல் அறுந்த நிலைக்குப் பெயர் 'இத்தோகிரே'. தனியாகச் சொன்னால் அது 'கிரே', க அழுத்தம். முன்னால் ஒரு சொல் சேர்ந்ததும் க மெலிந்துவிடுகிறது. நம் 'கல்'லில் இருக்கிற க, 'அகல்'லில் மெலிகிறதே, அப்படி. நாம் எழுதிக் காட்டுவதில்லை, அவர்கள் எழுத்தின் தலைமாட்டில் இரண்டு சிறு கோடு போட்டுக் காட்டுகிறார்கள். கை என்ற 'தெ', தாள் என்ற 'கமி' இரண்டும் சேர்ந்து கடிதம் என்ற 'தெகமி' ஆவதும் இதே வழிதான்.

இத்தோகிரே என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு பெரிய வரலாறு இருக்கிறது. டொயோட்டா என்றால் நமக்குக் கார். அந்தக் குடும்பத்தின் தொடக்கம் தறி. 1867-இல் ஒரு தச்சர் வீட்டில் பிறந்த சாக்கிச்சி டொயோதா, கைத்தறியைத் திருத்தத் தொடங்கி, 1924-இல் ஓட்டம் நிற்காமலே நாடாவை, அதாவது ஊடையைக் கொண்டு ஓடும் கட்டையை, மாற்றிக்கொள்ளும் தானியங்கித் தறியை முடித்தார். இழை அறுந்தால் அவருடைய தறி தானாக நின்றுவிடும். பக்கத்தில் ஒருவன் கண் கொட்டாமல் நிற்க வேண்டியதில்லை. அந்தக் கருத்தைத்தான் பின்னால் கார் தொழிற்சாலைக்கும் கொண்டுபோனார்கள். 'ஜிதோக்கா' என்பார்கள். 'தானியங்கி' என்று எழுதும்போது வழக்கமாக வருகிற 'அசைவு' எழுத்தை எடுத்துவிட்டு, அதன் இடப்பக்கம் மனிதன் என்ற துண்டைச் சேர்த்த 'உழைப்பு' எழுத்தைப் போட்டார்கள். அசைவோடு மனிதன் சேர்ந்தால் உழைப்பு. சீனாவிலிருந்து வராமல் ஜப்பானியர்களே கட்டிய எழுத்து அது. நான் பராமரிக்கிற தறியில் இழை அறுந்ததும் அதில் தொங்கும் டிராப் வயர் என்ற சிறு தகடு விழுந்து தறி நிற்கிறதே, அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த மனிதத் துண்டு நினைவுக்கு வரும்.

டிசம்பரில் சென்னை போய் ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் ஐந்தாம் நிலை எழுதினேன். அடிமட்ட நிலை அதுதான். தேர்ச்சிக்கு 180-க்கு 80 வேண்டும். தேறிவிட்டேன். அதில் நூல் துண்டு எழுத்துகள் அதிகம் வரவில்லை என்பது மட்டும் கொஞ்சம் வருத்தம்.

போன மாதம் அந்தத் தறியின் ஸ்டிக்கர் எண்ணெய் பட்டு உரிய ஆரம்பித்தது. புதிதாக ஒட்டலாம் என்று அப்பாவின் கிராப் தாளில் அளவாக வெட்டி, இரண்டு சொல்லையும் என் கையால் எழுதினேன். பாவு எழுத்து 11 கோடு, ஊடை எழுத்து 16. ஊடையின் வலப்பக்கம் இன்னும் எனக்குச் சரியாக அமையவில்லை. நாலு தாள் வீணாகி ஐந்தாவதுதான் தேறியது. கீழே தமிழில் பாவு, ஊடை என்று எழுதி, மேலே செல்லோடேப் ஒட்டினேன்.

அந்தத் தறியை ஓட்டுகிற பீகார் பையன் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தான். "அண்ணா, இது என்ன?" என்றான். தறியில் நெடுக்கு நூலைத் தொட்டுக் காட்டினேன், பிறகு குறுக்கு நூலை.

"ஓ, தானா, பானா!" என்றான்.

டேப்பைப் பிய்த்துவிட்டுப் பேனாவை அவனிடம் கொடுத்தேன். மூன்றாவது வரியில் அவன் எழுத்தில் எழுதினான். இடம் கொஞ்சம் நெருக்கம், ஆனாலும் படிக்க முடிகிறது.